பட்டையை இரண்டு முறை இறுக்கியவர்

காலடிப்பேட்டையில் பிறந்து இராயபுரத்தில் கண்மூடிய எங்கள் தந்தையார் மறைந்து இன்றோடு ஓராண்டு. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாவின் நல்லதை எழுதினாலே ஒருவருக்கு வலிக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் குதிரை லாயத்தில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்தவர் அவர். "ஏறுறதுக்கு முன்ன அது காத பாரு, கண்ணு. கோவத்த அங்கதான் வெச்சிக்கினு கீது" என்பார். சேணத்தின் வயிற்றுப் பட்டையைக் கட்டும்போது குதிரை மூச்சடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும்; நடக்கையில் மூச்சு விட்டதும் பட்டை தளர்ந்துவிடும். "பத்தடி நடத்து. அப்பால இன்னொரு தபா இறுக்கு. சோம்பேறி கட்னா ஏறினவன் மண்டதான் உடையும்" என்பது அவர் எல்லோருக்கும் சொன்ன புத்தி.

அங்கே அவருக்குக் கீழே வேலை பார்த்த அவர் தம்பிக்கும், அதாவது என் சித்தப்பாவுக்கும், அதைத்தான் சொன்னார். உலக யுத்தம் முடிந்த வருஷம், சித்தப்பா ஒரே தடவை இறுக்கிவிட்ட பட்டை சரிந்து மேனேஜர் மகனின் கை முறிந்தது. அண்ணன்தான் குடித்துவிட்டுக் கட்டினார் என்று மேனேஜரிடம் சித்தப்பா கூசாமல் சொன்னார். கள் வாசனையே அறியாதவர் அப்பா.

அன்று மாலையே சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். "வேற இன்னா சொல்றது அண்ணே? என் வேல பூட்டிருக்கும்."

"சரி, சாப்ட்டு போ" என்றார் அப்பா. சோறு போட்டவள் நான்.

மறுவாரம் அப்பாவின் வேலை சித்தப்பாவுக்குப் போயிற்று. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். உறவினர் கல்யாணங்களில் குடிகாரர் என்ற பெயரையும் சுமந்தார். ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

இறுதி நாளில் சித்தப்பா தோள் கொடுக்க வந்தார். அம்மா எழுந்து, "உன் தோளு பாடையில பட்டுது, அப்பால நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றார். சித்தப்பா தெருமுனையோடு நின்றுவிட்டார்.

தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், கடைசிவரை வைத்தியம் பார்த்த தண்டையார்பேட்டை டாக்டருக்கும், மாதவரத்திலிருந்து தினமும் பால் கொண்டுவந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே இம்மலரை அவர் பிள்ளைகளின் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன். அவர்கள் உரக்க வாசித்துக் காட்டட்டும்.