பிம் சிரிக்காத டெஸ்ட்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் ஸ்டியரிங் ஒருத்தர் கையில் இருக்கும், உயிர் மட்டும் ரெண்டு பேருடையதும் அதில் இருக்கும். மெல்பர்னுக்கு மேற்கே டார்னெய்ட்டில் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நல்ல வேலை கிடைக்கும்வரை என்று ஆரம்பித்தது, இதுவே வேலையாகிவிட்டது. என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்றால் நான் மிதிக்கலாம். மிதித்துவிட்டுக் கத்தவும் செய்யலாம். மனைவிக்கோ மச்சானுக்கோ வண்டி சொல்லிக்கொடுக்கப் போய் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

திட்டு வாங்கத் தெரிந்தவர்

சென்னையில் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டிய ஐ.டி. தம்பி ஒருவர் வந்தார். அவருக்குக் கார் என்பதே ஹாரன்தான், மற்றதெல்லாம் கூடுதல் வசதி. முதல் நாளே சிக்னலில் முன்னால் காரில் நின்ற ஒரு வயசான வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்து ஹாரனை ரெண்டு அடி அடித்தார். அந்தம்மா இறங்கி வந்து, உடம்புக்கு ஏதும் பிரச்சனையா, உதவி வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. ஓரமாக நிறுத்தச் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. நம் ஊரில் திட்டு வாங்குவதற்கென்று ஒரு முகம் இருக்கிறது. மதுரையில் எங்கள் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கும்போது எவனாவது பல்லைக் காட்டினால் அவனுக்கு இன்னும் ரெண்டு கிடைக்கும். திமிரு என்று அதற்குப் பேர். அந்த முகத்தை நான் இங்கேயும் எல்லோரிடமும் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது. தம்பி கடைசியில் நிமிர்ந்து, "திட்டுங்க சார், திட்டினாத்தான் நமக்கெல்லாம் ஏறும்" என்றார்.

டாஷ்போர்டு பிள்ளையார்

ஸ்டெல்லா அன்ரி இலங்கையில் மன்னார்க்காரர். ஆன்ட்டி என்பது அவர்கள் பேச்சில் அன்ரி. ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. அறுபதை நெருங்குகிற வயதில் என்னிடம் கற்று லைசென்ஸ் எடுத்தவர். தன்னோடு வேலை பார்க்கிற பிம் என்ற தாய்லாந்துப் பெண்ணை அவர்தான் அழைத்து வந்தார். பிம்முக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற நிரந்தர வேலை ஒன்று அவளுக்குத் தயாராக இருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால் ஊரில் அக்காவிடம் விட்டு வந்திருக்கிற ஒன்பது வயது மகளைக் கூட்டிவரலாம். கையில் இருந்தது ஐந்து வாரம்.

காரில் ஏறியதும் டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தாள். கார் வாங்கின அன்றைக்கு த பேசின் என்கிற ஊர்ப் பிள்ளையார் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டு ஒட்டிய பிள்ளையார். இரண்டு கையையும் கூப்பி நெற்றி வரை கொண்டுபோய் வணங்கினாள். தங்கள் ஊரிலும் இவர் உண்டு, பேர்தான் வேறு என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இவள் நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அன்ரி இறங்கும்போது ஜன்னலில் குனிந்து, "தம்பி, இவள் நல்ல பிள்ளை. கொஞ்சம் பொறுமையாச் சொல்லிக் குடுங்கோ" என்றார்.

தண்ணீர் பாட்டில்

ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். மூன்றாவது வகுப்பில் பிம் விடவில்லை. வலது பக்கத்திலிருந்து ஒரு மண் ட்ரக் வந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் என் கணுக்கால் ரெண்டு நாள் வலித்தது. ட்ரக் போன பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. செத்திருப்போம், இதில் என்ன சிரிப்பு என்று கத்தினேன். "சாரி, டீச்சர்" என்றாள், சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. என் குரல் ஏற ஏற அவள் சிரிப்பும் ஏறியது. உன் மகள் வரவேண்டும் என்று உனக்கு அக்கறை இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை திரும்ப எடுக்க நினைத்திருக்கிறேன் தெரியுமா? அவள் அதற்கும் சிரித்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, "டீச்சர், தண்ணி குடிங்க" என்றாள்.

போனில் படித்த படிப்பு

கேலி செய்கிறாள் என்றே முடிவு கட்டினேன். இருந்தாலும் வீட்டுக்கு வந்து, தாய்லாந்துக்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று போனில் தேடினேன். எழுதியவர்கள் அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள். ஊர் சுற்றப் போனவர்கள், அங்கே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதனால் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். வியாபாரம் செய்யப் போனவர் ஒருவர், அந்தச் சிரிப்பை நம்பாதே, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று எழுதியிருந்தார். எனக்கு இருந்த கடுப்பில் வியாபாரி சொன்னதுதான் பிடித்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. நானும் ஒரு வெளியூர்க்காரன்தானே, என் புத்தி மட்டும் வேறு எப்படிப் போகும்?

இதைக் கவிதாவிடம் சொன்னேன். கவிதா என் மனைவி, என்னிடம் கார் கற்றுக்கொண்ட முதல் பலியாடு. அவகிட்டயே ஏன்னு கேக்க வேண்டியதுதானே என்றாள். கேட்டால் அதற்கும் சிரிப்பாள் என்றேன். கவிதா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "கார் கத்துக்கும்போது நீங்க அந்தத் தொனியில கேட்டப்ப நான்கூடத்தான் சிரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள்.

முகத்துக்கு ஒரு வகுப்பு

இதுதான் சொல்லக் கூசுகிற இடம். நான் பிம்முக்குச் சிரிக்காமல் இருக்கப் பயிற்சி கொடுத்தேன்.

தப்புச் செய்துவிட்டு டெஸ்ட்டில் சிரித்தால், பொறுப்பில்லாதவள் என்று எழுதிவிடுவார்கள் என்றேன். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மதுரைக் கணக்கு வாத்தியாருடைய விதி அது. வெயில் படாமல் இருக்க டிரைவருக்கு மேலே ஒரு மடக்குப் பலகை இருக்குமே, அதன் உள்பக்கம் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கீழே இறக்கிவிட்டு, அடிக்கடி உன் முகத்தைப் பார்த்துக்கொள், சிரிப்பு வந்தால் அடக்கு என்றேன். ஒவ்வொரு வகுப்பிலும், இன்றைக்கு ஏழு தடவை சிரித்தாய், இன்றைக்கு நாலு என்று கணக்குச் சொன்னேன். அவள் ஒழுங்காகத் தலையாட்டினாள். மற்றபடி நன்றாகத்தான் ஓட்டினாள். ரவுண்டபவுட் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு மணி நேரம் முழுக்கச் சிரிக்கவே இல்லை. முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சபாஷ் என்றுகூடச் சொன்னேன். வண்டியை நிறுத்தியதும் அவள் பிள்ளையாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்பத் தயங்கி, "டீச்சர், இவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?" என்று கேட்டாள்.

பின்சீட்டு

டெஸ்ட் முடியட்டும் என்று பிள்ளையாரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் தடை போட்டிருந்தேன்.

டெஸ்ட் எடுக்கிற அதிகாரி முன்சீட்டில். நான் பின்சீட்டில். உட்கார அனுமதி உண்டு, வாயைத் திறக்கத்தான் கூடாது. காலை வெயில் நேர் எதிரே இருந்தது. பிம் அந்தப் பலகையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அதிகாரி ஒன்றும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. முதல் பதினைந்து நிமிஷம் அப்பழுக்கில்லாமல் ஓட்டினாள். பிறகு இடது லேனுக்கு மாறச் சொன்னார். மாறுவதற்கு முன் தோளுக்கு மேலே ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும், குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் மேலே அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பினாள். இடது பக்கம் சைக்கிளில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அதிகாரி வழக்கமாக நான் உட்காருகிற பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரிக்கு ஒன்றுமில்லை, திட்டிக்கொண்டே போய்விட்டாள். டெஸ்ட் அந்த இடத்தோடு முடிந்தது.

அதிகாரி நல்ல மனுஷன். இறங்கிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா ஓட்டுறாங்க, ஆனா ரோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்துல தன் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்காங்க, ஏன்னு கேளுங்க" என்றார். நான் எதைக் கேட்பது? பிம் காரின் பக்கத்தில் நின்றிருந்தாள். கண் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள். வாரக்கணக்கில் நான் விரட்டின அந்தச் சிரிப்பு அப்போதுதான் மெதுவாக வந்தது. "சாரி, டீச்சர். ஆனா நான் ஒரு தடவைகூடச் சிரிக்கல" என்றாள்.

ஸ்டெல்லா அன்ரி வீட்டில்

அதற்குப் பிறகு பிம் வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம், அவள் முகவரியாவது வாங்கலாம் என்று ஸ்டெல்லா அன்ரி வீட்டுக்குப் போனேன். "கதிரையில இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவர் முகம் சரியாக இல்லை.

வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். பிம் வேறொருவரிடம் நாலு வகுப்புப் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டாளாம். ஆனால் மகள் வருவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. அந்தச் செய்தியை மகளிடம் போனில் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம், போனை வைத்த பிறகு வேலையிடத்துத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதாளாம். "அவள் பயந்தாலும் சிரிப்பாள், பிழை விட்டாலும் சிரிப்பாள் தம்பி. எதிரில நிக்கிற ஆள் கோபப்பட்டா அந்த ஆளை ஆத்தத்தான் சிரிக்கிறவள். தகப்பன் செத்த செய்தியையும் எனக்குச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். உங்களுக்குத் தண்ணி தந்தவளாம், நீங்கள் வாங்கேல்லையாம்."

வாங்கவில்லைதான். அவள் கை நீட்டியபடியே இருந்தது, நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்ரி உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். தேங்காய்ப்பால் விட்டுச் செய்த இனிப்பு. பிம் கொடுத்துவிட்டதாம். தான் டெஸ்ட்டில் தோற்றதால் டீச்சருக்குக் கெட்ட பேர் வந்திருக்கும், மன்னிக்கச் சொல்லுங்கள் என்றாளாம். நான் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது அவள் மன்னிப்பு. எனக்குக் காது சுட்டது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்ரி என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "இப்ப நீங்கள் ஏன் தம்பி சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

என் பக்கம் இருக்கிற பிரேக் காருக்கு மட்டும்தான், வாய்க்கு நான்தான் தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் புரிய, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவுக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.