பிலோமினாம்மாவை வாசலுக்கு அனுப்பிய ஒரு வரி

பிலோமினாம்மா நேற்றுக் காலை இறந்துவிட்டார். மந்தைவெளியில் அவர் வீட்டுக்குப் போய், மாலை போட்டுவிட்டு, ஒரு பொய்யும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் மகன் கார்த்திக் படித்த ஸ்பெஷல் ஸ்கூலில் ஆயாவாக இருந்தவர். தொண்ணூறுகளில், அடையாறில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த ஸ்கூல்... பதினொரு பிள்ளைகள், இரண்டு டீச்சர், ஒரு பிரின்சிபல், ஒரு ஆயா.

கார்த்திக்குக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். சட்டைக் காலரில் லேபிள் இருந்தால் ரத்தம் வரும்வரை கழுத்தைச் சொறிவான்.

பல் தேய்ப்பது தினமும் ஒரு யுத்தம். பிரஷ் வாய்க்குள் போனாலே வாந்தி. அவன் அப்பா கையைப் பிடித்துக்கொள்ள, நான் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு... சரி, பாதி நாள் விட்டுவிடுவோம். ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

திடீரென்று இடது கன்னத்தில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம், நாலு நிமிடம் பார்த்தார். வாயைத் திறந்து பார்க்கவில்லை.

"அட்டென்ஷனுக்காகப் பண்றான். நீங்க பாக்கப் பாக்க ஜாஸ்தியாகும். அடிச்சுக்கும்போது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கோங்க. எத்தனை தடவைன்னு சார்ட் மட்டும் போடுங்க" என்றார்.

போட்டோம். பிள்ளை அடித்துக்கொள்வான், நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். சத்தத்தை வைத்து எண்ணி, ஃப்ரிட்ஜில் ஒட்டிய பேப்பரில் கோடு போடுவேன். அவ்வளவு அழகான சார்ட்... தூ.

ஸ்கூலிலும் அதே ரூல். பிலோமினாம்மா ஒருத்தர்தான் கேட்கவில்லை.

நாலாம் நாள், கார்த்திக்கை அழைத்து வரப் போனபோது என்னை ஓரமாக நிறுத்தினார். "ம்மா, கொயந்தைக்குப் பல்லு வலிக்குது போல கீது. இட்லிய வலது பக்கமே தள்ளிக்கினு மெல்றான். அந்தாண்ட பட்டா கண்ணுல தண்ணி வருது. ஒருவாட்டி பல்லு டாக்டராண்ட காட்டேம்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா... "டாக்டர் பாத்துட்டாரும்மா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது." எம்.எஸ்ஸி. படித்தவள் இல்லையா நான்.

அடுத்த வாரம் ஒருநாள் லஞ்ச் நேரத்திலேயே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பிலோமினாம்மா தரையில் உட்கார்ந்து அவன் இடது கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். யார் தொட்டாலும் துள்ளி ஓடுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையில் சாய்ந்திருந்தான்.

எனக்கு வந்தது கோபம். பொறாமையும்தான், இனிமேல் சொல்ல என்ன வெட்கம்.

ஸ்கூல் டயரியில் எழுதினேன், இங்கிலீஷில். ஆயா இவனுடைய பிஹேவியரை ரீஇன்ஃபோர்ஸ் செய்கிறார், தயவுசெய்து கவனிக்கவும் என்று. ரீஇன்ஃபோர்ஸ் என்றால் கெட்ட பழக்கத்துக்கு இடம் கொடுத்து வளர்ப்பது; அந்த வார்த்தையை டாக்டரிடம் அப்போதுதான் கற்றிருந்தேன்.

மறுநாள் பிலோமினாம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்று பிரின்சிபல் சொல்லிவிட்டாராம்.

அதற்கப்புறம் ஐந்தாவது நாள் கார்த்திக்கின் முகம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டு, நூற்றி மூன்று ஜுரம். இரண்டு பல் டாக்டர்கள், "இந்த மாதிரிப் பசங்களை எங்களால ஹேண்டில் பண்ண முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாமவர் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் வேர்வரை சீழ்.

பதினேழு நாள்... என் பிள்ளை வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தேனாம்பேட்டை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சில கேஸ்ல அப்படியும் ஆகும். சார்ட் நல்லா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்க" என்றார்.

சில வருடம் கழித்து அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பேரன்ட்ஸ் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய் நன்றாகவே பேசினேன், சால்வையும் போர்த்தினேன்.

பிலோமினாம்மாவைப் பற்றிப் பிரின்சிபலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டயரியில் இன்னொரு வரி எழுத எவ்வளவு நேரமாகிவிடும்... எழுதவில்லை. எழுதினால் என் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

ஆறு வருடம் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தேன். ஒருநாளும் அவர் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"ரெண்டு பக்கமும் மெல்றானாம்மா?"

"ம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுவேன். நின்று பேச பயம்.

நேற்று அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு அந்த ஸ்கூல் பசங்கன்னா உசிரு ஆன்ட்டி. அப்புறம் ஏன் வாசல்ல ஒக்கார வெச்சாங்கன்னு கடைசி வரைக்கும் எங்களாண்ட சொல்லவே இல்ல. உங்களுக்கு எதுனா தெரியுமா?"

தெரியாதும்மா என்றேன். அவர் அங்கேயே படுத்திருந்தார், நாலடி தூரத்தில்.

அந்தப் பெண் என் ஃபிரண்ட் லிஸ்டில் இருக்கிறாள். இதைப் படிப்பாள்... படிக்கட்டும். கமென்டில் எனக்கு ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம்.

பிலோமினாம்மா... ரெண்டு பக்கமும் நல்லா மெல்றாம்மா. போயிட்டு வாங்க.