இரவல் கொடுத்த கப்பி

1958 என்று நினைக்கிறேன், 59 ஆகவும் இருக்கலாம். நல்ல கோடை. உச்சிப்புளியில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். கொத்து வேலைதான் தொழில்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சாமான் இரவல் கொடுப்பது எனக்கு அறவே பிடிக்காது. மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வாங்கிப்போன ஒருவர் அதன் கண்ணாடியை உடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார். மண்வெட்டி வாங்கிப்போனவர் ஊரை விட்டே போய்விட்டார். ஆனால் கேட்பவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் எனக்கு வராது. அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு சாமானிலும் பழையது ஒன்றைத் தூக்கிப் போடாமல் ஓரமாக வைத்திருப்பேன். யாராவது கேட்டால் அதைக் கொடுத்துவிடுவேன். கொடுத்த பெயரும் கிடைக்கும், நல்ல சாமானும் பத்திரமாக இருக்கும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு மீனவர் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. புதுமடத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் இருந்த வேதக்காரர் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“கெணத்துல மணல் சரிஞ்சு ஊத்துக்கண்ணு அடைச்சுப்போச்சு கொத்தனாரே. பொம்பளைக ஒண்ணரை மைல் போயித் தண்ணி சொமக்குறாக. இன்னைக்குத் தூர் வாரிடலாம்னு இருக்கோம். கயிறு எங்ககிட்ட இருக்கு. எங்க வத்தைப் படகுல உள்ளது சின்ன மரக்கப்பி, பாரம் தாங்காது. ஒங்க கப்பியக் குடுத்தீகன்னா வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருவேன்” என்றார்.

கயிறு ஓட்டிப் பாரம் தூக்கும் இரும்புக் கப்பிகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று மதுரையிலிருந்து வாங்கி வந்து இரண்டு மாதம்கூட ஆகாதது. கதவுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்தது. இன்னொன்று மண்டபம் ஊரில் கல் தூக்கும்போது கொக்கி விரிந்துபோனது. கொல்லர் அதைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். கொக்கியின் கழுத்தில் முடியிழை போல ஓடிய விரிசலைக் காட்டி, இனி இதில் பாரம் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

பின்கட்டுக்குப் போய் அந்தப் பழையதைத்தான் எடுத்து வந்தேன்.

“இந்த ஒண்ணுதான் இருக்குண்ணே. பழசு. பரவாயில்லையா?”

“பழசுன்னா என்ன? நீங்க வேலைக்கு வச்சிருக்கதுதானே. அது போதும்” என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

என் மனைவி உள்ளே இருந்து என்னைப் பார்த்தாள்.  நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேலையில் கை ஓடவில்லை. மணல்தானே அள்ளப் போகிறார்கள், சின்னக் கூடை, என்ன பாரம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, ஈர மணல் ஒரு கூடை எவ்வளவு இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. சாரத்திலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்தேன். திரும்ப ஏறினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினேன். வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, “என்ன கொத்தனாரே, இங்கன மேடா நிக்குதே?” என்றார். அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். அரைச் சுவர் அலை அலையாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச ஆரம்பித்தேன்.

மத்தியானம் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். தூக்குவாளியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, காலையில குடுத்தீகளே, அந்தக் கொக்கியத்தானே கொல்லரு வேணாம்னாரு?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“நீங்க பின்னால போயிருந்தப்ப அந்த அண்ணன் எங்கிட்டச் சொன்னாரு. ஒறக் கெணறாம், படி கெடையாதாம். அவரு தம்பியக் கயித்துல கட்டித்தான் எறக்கணுமாம். எனக்கு அப்பவே திக்குன்னுச்சு. நீங்க கோவிப்பீகன்னு வாயத் தொறக்கல.”

பூச்சுக் கரணையைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் போய்ப் புதுக் கப்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தேன். புதுமடம் தாண்டியதும் மணலில் சக்கரம் புதைந்தது. சைக்கிளை ஒரு பனைமரத்தடியில் சாய்த்துவிட்டு, கப்பியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். எதிரே குடத்தோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஏதாவது கெட்ட செய்தி தெரிகிறதா என்று அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.  ஒருத்தி என் தோளில் இருந்த கப்பியைப் பார்த்துவிட்டு அவளாகவே கிணறு இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

கிணற்றைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மேலே குறுக்கே போட்ட பனஞ்சட்டத்தில் என் கப்பி தொங்கியது. நாலு பேர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். மணல் கூடை பாதிக் கிணற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஒரு ஆள். ஒதுங்க இடமில்லாத கிணறு. கப்பியைப் பார்த்தேன். கொக்கி விரிய ஆரம்பித்திருந்தது.

கத்தினால் பயத்தில் கயிற்றை விட்டுவிடுவார்கள். காலையில் வந்த மீனவர் கயிற்றில் முன்னால் நின்றார்; அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“அண்ணே, இழுக்க வேணாம். விடவும் வேணாம். அப்படியே பிடிச்சுக்கங்க. கொக்கி சரியில்ல.”

அவர் கொக்கியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டார். இன்னொரு கயிற்றை வாங்கி, நான் சட்டத்தின் மேல் குப்புறப் படுத்து, கப்பியையும் சட்டத்தையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்றுக் கட்டினேன்.  பிறகு கூடையை மேலே எடுத்தார்கள். புதுக் கப்பியை மாட்டினோம். தம்பியைத் தூக்கிக் கரையில் விட்டோம். பழையதைக் கழற்றி மணலில் போட்டேன். அது பக்கத்தில் கிடந்த கல்லில் பட்டதும் கொக்கி இரண்டாக ஒடிந்தது.

 மீனவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதுக்காகவா இம்புட்டு தூரம் ஓடியாந்தீக? ஆண்டவருதான் ஒங்கள அனுப்புனாரு” என்றார். ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டார்கள். அந்தத் தம்பி தலையில் சேறு காயாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பெரிய துண்டமாகப் பார்த்து எடுத்து வைத்தார். நான் எங்கேயோ போய் இன்னொரு கப்பி தேடிக்கொண்டு வந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு நான்தான் பெரிய மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

“புதுசு என் வீட்டுலதான் இருந்துச்சு. பழசுல விரிசல் இருக்குன்னும் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

மீனவரின் மனைவி குழம்புச் சட்டியோடு நின்றார். “அப்ப ரெண்டு இருந்துச்சா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. 

மீனவர் அந்தச் சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “இல்லைன்னு சொல்லியிருக்கலாமே தம்பி. நாங்க வேற எங்கயாச்சும் கேட்டிருப்போமே.”

அவ்வளவுதான் சொன்னார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். எப்படிச் சாப்பிட்டு எழுந்தேன் என்று தெரியவில்லை. வேலை முடிகிற வரைக்கும் கப்பி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு எதிரே ஓடும் ராமேஸ்வரம் ரோட்டில் யார் வந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.  மனைவி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கிணற்றுக்குள் இறங்கிய அந்தத் தம்பியே வந்தார். ஊற்று நன்றாகத் திறந்துகொண்டதாம், தண்ணீர் கரிக்கவில்லையாம். கப்பியைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். என் கையில் கொடுக்கப் போனவர், கொடுக்காமல் அதைத் திருப்பிக் காட்டினார்.

“இங்கன பாருங்கண்ணே. நேத்து எறக்கும்போது கல்லுல பட்டு விளிம்பு லேசா நசுங்கிருச்சு. ஓடுறதுக்கு ஒண்ணும் பாதகமில்ல. ஆனாலும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல.”

அவர் சொல்லியிராவிட்டால் அந்த நசுங்கலை நான் எந்தக் காலத்திலும் பார்த்திருக்க மாட்டேன். உயிரைப் பணயம் வைத்து என் பழைய கப்பியில் தொங்கியவர், நகக்கண் அளவு குறையை மறைக்க மனசில்லாமல் என் வாசலில் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். கடலுக்குப் போகணும், இன்னொரு நாள் வாரேன் என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் இரவல் கொடுத்திருக்கிறேன், இல்லை என்றும் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறேன். இல்லை என்று சொன்னதற்காக ஒரு நாளும் நான் தவித்ததில்லை. மனமில்லாமல் கொடுத்த அந்த ஒரு நாளை நினைத்துத்தான் இந்த வயதிலும் சில சமயம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கை அப்படியே நின்றுவிடுகிறது.