கோவளம் பலகையில் ஒடுங்கி நின்ற எழுத்து

புதுத் தகரத்தைப் பழசாக்கிச் சுவரில் மாட்டுவது என் தொழில், அன்றைக்கு மேடவாக்கம் ஃப்ளாட்டில் ஒரு பலகையை மாட்டிவிட்டு டிரில்லைக்கூடக் கீழே வைக்கவில்லை, வாசலில் மீன் கூடையை இறக்கிய அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இது எங்க வூட்டுப் படகு பேராச்சே?"

அடுத்தவர் வீட்டு ஹாலில் கையும் களவுமாக மாட்டியவர்களுக்கு என் நிலைமை புரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

துரு பத்தவில்லை

பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டுத் திருமுடிவாக்கத்தில் இந்தப் பட்டறைக்கு வந்தேன். கடற்கரை ஊர்ப் பேர், படகு, மீன் எல்லாம் போட்டு அந்தக் காலத்துப் பலகை மாதிரி செய்வோம். உப்புத் தண்ணியும் வினிகரும் தெளித்து வெயிலில் போட்டால் மூன்றே நாளில் துரு. கடலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற ஒரு ஐ.டி. சார் பலகையை விரலால் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இது ரொம்ப ஹெல்தியா இருக்கு. இன்னும் கொஞ்சம் சீக்காக்கிக் கொடு."

கரையில் எடுத்த போட்டோ

எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்து, ஒரே மூஞ்சி என்று பட்டறை அண்ணன் கத்தினார். கையால் எழுதின எழுத்து தேடிக் கோவளம் போனேன். கவிழ்த்துப் போட்ட ஒரு ஃபைபர் படகில் 'ரேவதி கலைச்செல்வி' என்று கையால் எழுதியிருந்தது. இடம் பத்தாமல் கடைசி 'வி' மட்டும் சின்னதாக ஒடுங்கி நின்றது. போட்டோ எடுத்தேன்.

பக்கத்தில் வலை தைத்தவர் சொன்னார்: படகுக்காரர் கடலில் இறந்துபோய்விட்டார், இரண்டு பொண்ணுங்க பேரையும் அவரே எழுதினது. அதைக் கேட்ட பிறகுதான் கிட்டப் போய் இன்னும் இரண்டு போட்டோ எடுத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வலை தைத்தவர் திட்டவில்லை. "எடுத்துக்க தம்பி, நாளைக்கு ஒடைக்கப் போறாங்க."

பொறக்காத வருஷம்

அந்தப் பலகைதான் மேடவாக்கத்தில் தொங்கியது. ஒடுங்கிய 'வி'யைக்கூட விடவில்லை. கீழே 'கோவளம், 1958' என்று நானே சேர்த்திருந்தேன். வீட்டு மேடம் பெருமையாக, "அக்கா, இது ஒரிஜினல், அறுபது வருஷப் பழசு" என்றார்.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அந்த 'வி'யைத் தொட்டார். "எம் பெரிய பொண்ணுக்கே பதினாலுதாம்மா ஆவுது." என் பக்கம் திரும்பினார். நான் டிரில் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். "இன்னா நைனா, எங்க வூட்டுக்காரரே பொறக்காத வருஷத்தப் போட்டுகிற?"

லிஃப்ட் பக்கத்தில்

மேடம் பலகையைக் கழற்றி அக்காவிடமே கொடுத்துவிடச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். லிஃப்டுக்காக நிற்கும்போது என்னிடம் வந்தார். படகை உடைத்தாகிவிட்டது, வீட்டுக்காரர் கையெழுத்து வீட்டில் வேறு எதிலும் இல்லையாம். "போன்ல அனுப்பட்டுமா அக்கா?" என்றேன். "எங்கிட்ட கீறது பட்டன் போனு. நீயே பிரிண்ட் போட்டு எடுத்துகினு வா, கோவளத்துல யாராண்ட கேட்டாலும் வூட்டக் காட்டுவாங்க. புள்ளைங்க பாக்கட்டும். தொரு கிரு போடாம அப்படியே கொண்டா."

எப்போ எடுத்தே அண்ணா என்று அந்தப் பொண்ணுங்க கேட்டால் என்ன சொல்வது, உங்க அப்பா இறந்ததைக் கேட்ட பிறகு என்றா?

பிரிண்ட் என் பையிலேயே இருக்கிறது. இதுவரை மூன்று தடவை கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கேளம்பாக்கம் வரை போய், டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.