தார்ப்பாய் கட்டிய வயர்

பிற்பகல் மூன்று பத்துக்கு நான் அந்த வயரை அறுத்தேன். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், மூன்று ஆறுக்கு என் கணவர் பேசியது இன்னும் என் போனில் பதிவாக இருக்கிறது. நாலு நிமிடம் கயிறு தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

புரட்டாசி மாதம். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. எங்கள் முறை வரவில்லை. முறை வரும்வரை குவியலோடு ஆள் இருக்க வேண்டும். வெயில் அடித்தால் விரித்துக் காயவைக்க வேண்டும், மேகம் கூடினால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் முறை வந்தும் பயனில்லை. ஆறு நாளாக என் கணவர் அங்கேதான் கிடந்தார். குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவார். நான் காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சோறு ஆக்கி, அதை யாரிடமாவது கொடுத்தனுப்பி, சாயங்காலம் விடைத்தாள் திருத்துவேன். அன்று சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தே நின்றுகொண்டிருந்த நாட்கள் அவை.

"மேக்க கறுத்துக்கிட்டு வருது. காத்து தார்ப்பாயத் தூக்குது. கயிறு எதுனா இருந்தா எடுத்து வை, பக்கத்துக் குவியல்காரரு வண்டில வர்றாரு" என்றார் போனில்.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு இப்போது கயிறு என்றால் பழைய கேபிள் டிவி வயர்தான். எல்லாரும் டிஷ்ஷுக்கு மாறிய பிறகு அந்தக் கறுப்பு வயர்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் ஆடு கட்ட அறுத்தார், ஒருவர் புடலைப் பந்தலுக்கு அறுத்தார். வைக்கோல் ஏற்றிய வண்டியை அதை வைத்துத்தான் இறுக்கிக் கட்டுகிறார்கள். மழையில் மக்காது, எலி கடித்தாலும் அறாது. எங்கள் வீட்டு ஜன்னல் மேல் சன்ஷேடுக்குக் கீழே ஒரு கொக்கியில் அந்த வயர் சுருளாகத் தொங்கும். அதற்கு முன் இரண்டு முறை நானே அதிலிருந்து அறுத்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் இன்டர்நெட் இழுக்க வந்தவர், மிச்ச வயரை வீணாக்காமல் சுருட்டி அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதுவும் கறுப்பு. அன்று அறுக்கும்போது வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. உள்ளே கம்பி இருக்கிறது போல, நல்ல கெட்டி, காற்றுக்குத் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். மொபெட்டில் வந்தவர், "அண்ணி, இது போதும், ரெண்டு சுத்து வரும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே என் மகள் அப்போதுதான் ஆட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஆட்டம் என்று சொல்வது தப்பு. அவளுக்கு அது பரீட்சை. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். வீடியோ கேம்களில் இருக்கும் தவறுகளைக் கண்டுபிடித்து இணையத்தில் எழுதிப் போடுவாள். சுவருக்குள் நடக்கும் மனிதன், காற்றில் நிற்கும் குதிரை, இப்படி. அதைப் படித்துவிட்டு, கேம் செய்கிற ஒரு சென்னைக் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அவர்கள் தரும் புது கேமை ஆடிப் பார்த்து, குறைகளை எழுதி அனுப்ப வேண்டும். ஐந்துக்கு அது மூடிக்கொள்ளும். சரியாக வந்தால் வீட்டிலிருந்தே வேலை. "ரெண்டாவது வாட்டி எல்லாம் கூப்பிட மாட்டாங்கம்மா" என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்தது ஒரு பழைய கேம் பெட்டி. என் அக்கா மகன் புதிது வாங்கியபோது இதைக் கொடுத்தான். அரைமணி ஓடினால் சூடாகிவிடும். டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்து ஆடுவாள். புது கேம்கள் அதில் ஏறவே ஏறாது. அதற்குத்தான் கிளவுட் என்றாள்.

அதை அவள் எங்களுக்கு விளக்கிய சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இந்தப் பெட்டி இனிமே கஷ்டப்பட வேண்டாம்மா. வேற ஊர்ல பெரிய பெரிய மெஷின் வச்சிருக்காங்க. கேம் அங்க ஓடும். இங்க படம் மட்டும் வரும். நான் பட்டன அமுக்கினா அது அங்க போய்ச் சொல்லும்."

"அப்ப இந்தப் பெட்டிக்கு வேகம் கூடுமா, கூடாதா?" என்று கேட்டேன். வகுப்பில் கேட்கிற குரலிலேயே கேட்டேன்.

"பெட்டிக்குக் கூடாது. ஆனா கூடுன மாதிரி இருக்கும்."

"கூடுன மாதிரின்னா? கூடுச்சா, இல்லையா? ஒண்ணு சொல்லு."

என் கணவர் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே சொன்னார். "மேட்டூர்ல நூறு அடி நிக்குதுன்னு பேப்பர்ல போடுவான். நம்ம மடைக்கு வந்து சேந்தாத்தான் அது நம்ம தண்ணி. அதானே?"

"அதேதாம்ப்பா!" என்று அவள் கைதட்டினாள். "அப்பாவுக்குப் புரியுது. கணக்கு டீச்சருக்குப் புரியல."

என்னையும் ஆடச் சொன்னாள். படம் அவ்வளவு அழகாக வந்தது, அந்தக் கிழட்டுப் பெட்டியா இது என்று இருந்தது. குதிக்கிற பட்டனை அமுக்கினேன். என் விரல் அமுக்கிய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அந்த மனிதன் குதித்தான். அதற்குள் பள்ளம் வந்துவிட்டது. விழுந்தான். மூன்று முறை விழுந்தான்.

"படம் நல்லா இருக்கும், கை லேட்டாகும்" என்றாள் மகள். "வயர்ல வர்றதால இவ்வளவு தேவலாம். செல்போன் டவர்ல ஆடினா இன்னும் மோசம்."

அந்த வயரைத்தான் நான் அறுத்திருந்தேன்.

மூன்று பன்னிரண்டுக்கு அவள் அறையிலிருந்து கத்தினாள். "அம்மா, நெட்டு போச்சு!" மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். பின்னால் போன நானும் பார்த்தேன். கொக்கியில் பழைய டிவி வயர்ச் சுருள் அப்படியே இருந்தது. பக்கத்தில் தொங்கிய இன்டர்நெட் வயர்ச் சுருளைக் காணோம். இரண்டு பக்கமும் வெள்ளையாக வெட்டுவாய் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். "வயர்காரருக்குப் போன் பண்ணட்டுமா?" என்ற சொல்தான் வந்தது, எனக்கு ஒன்றும் தெரியாதது போல. இருபத்து நாலு வருடமாகப் பிள்ளைகளிடம் "தப்பு செஞ்சா எழுந்து நின்னு சொல்லு" என்று சொல்லி வருகிறவள் நான்.

"அவரு நாளைக்குத்தான் வருவாரு. எந்த நாயி அறுத்துச்சோ" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். கன்ட்ரோலரையும் போனையும் ஒரு பையில் போட்டாள். "சிக்னல் இருக்கற எடத்துக்குப் போறேன்" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

"மழை வருதுடி. எங்க போற?"

போய்விட்டாள். மணி மூன்று இருபத்தைந்து. பெட்டியும் ஃபேனும் அறையில் அப்படியே இருந்தன, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டவுனுக்குத்தான் போயிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். வலங்கைமான் போகும் ஆற்றங்கரை ரோடு. குடமுருட்டியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மூன்று நாற்பதுக்கு மழை இறங்கியது. கூப்பிட்டேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்றது. கணவருக்கு அடித்தேன். அதுவும் போகவில்லை. நாலு மணிக்கு, நாலு ஐந்துக்கு, நாலு பத்துக்கு. இரண்டு போனும் செத்துக் கிடந்தன.

எதிர்வீட்டு அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், வயரை அறுத்ததைத் தவிர.

"ரெண்டு பேரு போனும் ஒண்ணா அமுங்கிக் கெடக்குன்னா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க, டீச்சர். இதுக்குக் கணக்கு வேற போடணுமா?"

"அவ ஏன் அங்க போறா? நெல்லுக்கு நடுவுல உக்காந்து கேம் ஆடுவாளா?"

"அந்தக் கொள்முதல் பக்கத்துலதான டவரு நிக்குது? எம்புள்ள போன் பேசணும்னா அங்கதான் ஓடுறான்."

அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. பயம் வந்துவிட்டால் நல்ல செய்தியை நம்பக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆற்றங்கரையில் நாலைந்து பேர் நனைந்துகொண்டே நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியில் ஒரு பெண் போனாளா என்று கேட்டேன்.

"நீலக் கலர் வண்டியா? போச்சும்மா. இந்த நெல்லுல வழுக்கி உழுந்துச்சு. நான் தூக்கி உட்டேன். ஒண்ணும் இல்லண்ணே, டைம் ஆச்சுன்னு சொல்லிட்டு பாலத்தத் தாண்டிப் போயிருச்சு."

"அடிபட்டுச்சா?"

"நொண்டுற மாதிரி தெரிஞ்சுச்சு. நிக்கச் சொன்னேன், கேக்கல. உங்க பொண்ணா?"

ஈர நெல்லில் சக்கரம் இழுத்த கோடு தெரிந்தது. கோடு முடிந்த இடத்திலிருந்து தண்ணீருக்கு ஐந்தடிதான். பாலம் வரை போனேன். பாலத்தைத் தாண்டினால் ஒரு ரோடு டவுனுக்கு, ஒரு ரோடு கொள்முதல் நிலையத்துக்கு. எதில் போவது? இரண்டும் நடக்கிற தூரம் இல்லை. மழையில் ஒரு வண்டியும் வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. இந்தத் தண்ணீர் வர வேண்டும் என்று எத்தனை வருடம் வேண்டியிருக்கிறோம். அன்றைக்கு அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை போனால் போகட்டும் என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. வந்து சேர்ந்தால் போதும். அடுத்த நிமிடமே, இரண்டு வருடமாக அவள் அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நான் விட்ட பெருமூச்சுகள் ஞாபகம் வந்தன. "அந்தப் பெட்டிய மூடிட்டு ஒரு பேங்க் பரீட்சையாவது எழுது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வயரை அறுத்தது தெரியாமல் செய்ததுதான். தெரிந்திருந்தால் அறுத்திருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். ஆனாலும் அவள் நம்புவாளா என்று யோசித்தபோது எனக்கு உறுதியாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு மழை விட்டது. நின்று நின்று இடுப்பு விட்டுப்போய்த் திரும்பி வந்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சேலை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. தலைக்கு மேல் அறுந்த வயர் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு இருபதுக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. என் கணவர் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மகள். கன்ட்ரோலர் யூரியா மூட்டையின் உள்பையில் சுற்றி அவள் மடியில் இருந்தது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"போன் அடிச்சியா?" என்றார் அவர். "என் போன்லேர்ந்துதான் இவளுக்கு நெட்டு. கால் வந்தா நெட்டு அறுந்துடும்னு என்னமோ அமுக்கி வச்சா. திருப்பி எடுத்து உட ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. இவ போன்லயும் அதே கததான், எழுதி அனுப்பி முடிச்சதும் சார்ஜும் தீந்து போச்சு."

எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே, "நான் சொல்லல?" என்றார்.

நான் மகளைத்தான் பார்த்தேன். "வயர அறுத்தது நான்தான்" என்றேன். "பழைய வயருன்னு நெனச்சு அறுத்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் வண்டியிலிருந்து இறங்கி, ஈரத் தலையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"தெரியும். தார்ப்பாய்ல கட்டியிருந்துச்சு. அதுக்கடியில உக்காந்துதான் ஆடினேன்."

"பரீட்சை?"

"முக்காவாசிதான் முடிஞ்சுது. படம் சேறு மாதிரி வந்துச்சு. எங்கெங்க கை லேட்டாகுதுன்னு எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன். எடுத்தா எடுக்கட்டும்."

படியேறி என்னைத் தாண்டிப் போனவள், கதவருகில் நின்று திரும்பினாள்.

"நெல்லு நனையலம்மா" என்றாள். "அடுத்த வாட்டி அறுக்கறதுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டு அறு. சேவ் பண்ணிக்கிறேன்."