உப்புக்கிணற்றின் குழாய்

கனகமணி முற்றத்தில் குந்தியிருந்து எட்டடித் தொலைக்காட்சி டிஷ்ஷின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் அது படம் காட்டினால், யுத்தத்தால் வெறிச்சோடிக் கிடந்த அவளுடைய உப்புவெளிக் கடற்கரை விடுதியை, வெளிநாட்டுச் செய்தி பார்க்க டிஷ் கேட்ட ஒரு நிவாரண நிறுவனம் முழுதாக வாடகைக்கு எடுக்கும். டிஷ்ஷை நிறுத்த நாலங்குல இரும்புக் குழாய்தான் இல்லை.

பழைய இரும்பு விற்கும் ஆதம்பாவா கிண்ணியாவிலிருந்து வெறுங்கையோடு வந்தார்.

"புதுக்குழாய் உங்களுக்குக் கட்டாது அக்கா. பழசு இருக்கு. ஆனா அதைத் தூக்கிக்கொண்டு ஆமிச் சென்றியால வந்தா, ஷெல் அடிக்கிற குழாய் எண்டு என்னைப் பிடிச்சு வைப்பானுகள்."

கனகமணி வளவின் மூலையைப் பார்த்தாள். உப்புத்தண்ணீர் ஏறியதால் கைவிட்ட குழாய்க்கிணறு அங்கே நின்றது. அதன் வெளிக்குழாயும் நாலங்குல இரும்புதான்.

"பாரம் தூக்கிற செயின் புளொக் இருக்கோ தம்பி?"

"இருபதடிக் குழாய் முழுசா வராது அக்கா!"

"முழுசும் ஆருக்கு வேணும்? ஆறடி எழும்பினாப் போதும். மிச்சம் நிலத்துக்குள்ள நிண்டு பிடிக்கட்டும். சீமெந்தும் தேவையில்லை."

"நீங்க இரும்பு யாவாரத்துக்கு வந்திருந்தா நான் கடையைப் பூட்டியிருப்பன்," என்று ஆதம்பாவா சிரித்தார்.

பின்னேரம் குழாய் ஆறடி எழும்பி நின்றது. மறுநாள் காலை டிஷ் ஏறிப் படமும் தெளிந்தது. கனகமணி குழாயில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள், அது அசையவில்லை. படம் வந்துவிட்டதென்று நிறுவனத்துக்குச் சொல்ல ஆள் அனுப்பிவிட்டு, நிமிர்ந்த நடையோடு கட்டில்களுக்கு விரிப்புப் போடப் போனாள்.