பச்சை எழுத்து வராத கார்

கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது கணவர் என்னிடம் விட்டுப்போன பொறுப்பு ஒன்றுதான். "ஒவ்வொரு நாளும் காலமை காரைக் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வையும். இல்லாட்டி பற்றரி செத்துப்போகும்."

நான் ஒரு நாளும் தவறவில்லை. மகளுக்குச் சாப்பாடு தீத்திவிட்டு லிப்டில் கீழே கூட்டிக்கொண்டு போவேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் கார்களை ஒன்றின் முன் ஒன்றாகத்தான் விடலாம். எங்கள் காருக்குப் பின்னால் சுவர், முன்னால் இரண்டாம் மாடி அன்ரியின் கார். வெளியே போவதென்றால் அவவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். இப்போது சமைத்துக்கொண்டிருப்பாவோ, படுத்திருப்பாவோ என்று யோசித்தே நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

அதனால் எங்கும் போகாத காருக்குள் நானும் மகளும் இருப்போம். பட்டனை அமத்தினால் விளக்குகள் எரியும், ரேடியோ பாடும். இன்ஜின் சத்தம் வராது. மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் காருக்குச் சத்தமே இல்லை என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பெற்றோல் வீணாகும் என்று ஏசியும் போடமாட்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க இருந்துவிட்டு மேலே ஏறுவோம்.

ஒரு நாள் இரத்மலானையில் இருக்கும் கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், போன் எடுத்தார். "தங்கச்சி, நீங்கள் ஓடுறேல்லைத்தானே. சும்மா நிண்டா கார் பழுதாப்போகும். சனிக்கிழமை வந்து பாக்கிறன். ஒழுங்கா நிண்டா நிக்கட்டும். இல்லாட்டி நான் கொண்டுபோறன்."

கணவரும் அண்ணா சொல்வது சரிதான் என்றார். நானும் ஓம் என்றேன்.

அம்மா இருப்பது நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில். பஸ்ஸில் போனால் மகள் வயிறு பிரட்டிச் சத்தி எடுப்பாள். முச்சக்கரவண்டியில் போனால் புகையில் அவளுக்கு அன்றிரவே மூச்சு இழுக்கத் தொடங்கும். அம்மாவைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கார் என்னிடம் நின்றால் என்றாவது ஒரு நாள், ஒருவரையும் கேட்காமல் போகலாம். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை கார் திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருந்த சின்னச் சாவியை இழுத்தெடுத்துக் கதவைத் திறந்தேன். பட்டனை அமத்தினேன். டிக் டிக் என்று ஏதோ துடித்து அடங்கியது. திரும்பவும் அமத்தினேன். அதுவும் இல்லை. கணவருக்குச் சொன்னால் அவர் தமையனுக்குச் சொல்வார். போனில் சிங்கள வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன். வேறொரு காரின் மின்சாரத்தை வயரால் எடுக்கலாமாம். அந்த வேறொரு கார் என் முன்னால்தான், வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"கரைச்சலுக்குக் குறை நினைக்காதேங்கோ, அன்ரி..."

"கார் செத்துப்போச்சோ?"

"எப்பிடித் தெரியும்?"

"பின்ன, என்ர வடிவைப் பாக்கவே வந்தனீர்?"

அவவிடம் ஜம்பர் வயர் இருந்தது. "மனுசன் வாங்கினது. அந்தாளை விட இது கூட உழைச்சிருக்கு" என்றபடி வந்து, தன் காரை வெளியே எடுத்துத் திருப்பி எங்கள் காரோடு மூக்குக்கு மூக்கு நிறுத்தினா. பொனெட்டுக்குள் சிவப்பு மூடியைத் தேடிப் பிடித்தோம். சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பு வெறும் இரும்பில். சரிதானா என்று திரும்பத் திரும்ப வீடியோவைப் பார்த்தேன்.

"பிள்ளை, இதென்ன ஒப்பரேசனே? ஏறி அமத்தும்."

அமத்தினேன். விளக்குகள் எரிந்தன, ரேடியோ பாடியது. "ஸ்டார்ட் ஆகீட்டுது அன்ரி!"

அவ ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தா. "எங்க ஆகினது? என்ர மருமகன்ர காரில பச்சையா 'ரெடி' எண்டு எழுத்து வரும்."

அப்படியொரு எழுத்தை இத்தனை காலைகளில் நான் கண்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். என் கால் கார்ப்பெட்டில் சும்மா கிடந்தது. நான் ஓடப் பழகியது சாவி திருகும் பழைய காரில். இந்தக் காரை எப்போதும் கணவர்தான் ஓடினார். பக்கத்து சீட்டிலிருந்து நான் பார்த்தது அவருடைய விரலை மட்டும், காலை அல்ல.

பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்ப அமத்தினேன். பச்சை எழுத்து வந்தது. பிறகு இன்ஜின் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் இன்ஜினை ஓடவிடாமல் ரேடியோவை மட்டும் பாடவிட்டு, இந்தப் பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது நான்தான்.

"நிப்பாட்டிப்போடாதேயும். கொஞ்ச நேரம் ஓடோணும்" என்றபடி அன்ரி வயரைக் கழற்றி, தன் காரைப் பின்னுக்கு எடுத்து வெளியே விட்டா.

"எங்க ஓடுறது?"

"றோட்டிலதான். என்ர கார் இப்ப வெளியிலதானே நிக்குது."

நிறுத்தினால், அத்தான் வந்து பட்டனை அமத்தும்போது திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால்? பக்கத்தில் நின்ற மகளைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினேன். வீட்டுச் சட்டையோடுதான் போனேன். காலி வீதி என்ற பெருந்தெருவில் இரண்டு பஸ்களுக்கு நடுவே இறுகி நின்றபோது, திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தேன். திரும்ப இடமில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். முன்னுக்குத்தான் போகலாம்.

அம்மா வீட்டுச் சின்ன ஒழுங்கைக்குள் நுழைந்து நிற்கும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, இஞ்ச காரைக் காணேல்லையே?"

"என்னோட நிக்குது, அத்தான். கொட்டாஞ்சேனையில."

"ஆர் ஓடினது?"

"நான்தான்."

"ஓ... அப்ப நிக்கட்டும்."

அதற்குள் அம்மா ஓடிவந்து கண்ணாடியில் தட்டினா. "நிப்பாட்டிப்போட்டு இறங்கன் பிள்ளை, தேத்தண்ணி ஊத்துறன்."

இவ்வளவு ஓடியது பற்றரிக்குப் போதுமா, போதாதா? நிறுத்தினால் திரும்ப வருமா? தேத்தண்ணியை இங்கே கொண்டுவாருங்கோ என்றேன். மகள் இறங்கி ஓடிப்போனாள். நான் பச்சை எழுத்தைப் பார்த்தபடி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உள்ளேயே இருந்தேன்.